கீழ் வரிசைக்குப் போன செய்தி

டிசம்பர் 8, திங்கள்

விட்டு விட்டுத் தூறல். மாடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. ஹாலில் கொடி. அதற்கு அடியிலேயே என் வீட்டுக்காரர் சேகர் எடுக்கும் கணக்கு ட்யூஷன். பிள்ளைகள் தலைமேல் என் புடவைகள். ஒரு பையன் கணக்கைவிடப் புடவைக் கரையைத்தான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபீஸில் சர்க்குலர். அவசரகாலத் தொடர்பு அலுவலர் பொறுப்பு இந்த வருடமும் எனக்கே. நிர்வாக வேலையோடு இதுவும். இன்ஸ்டிட்யூட்டில் தீயோ வாயுக் கசிவோ நேர்ந்தால் தீயணைப்பு, போலீஸ், மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாடு எல்லாருக்கும் நான் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை இங்கே வந்து சொல்ல வேண்டும். இதுவரை வந்தது ஒரு நல்ல பாம்பு. மீட்டர் பெட்டியில் கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் ஜெயா நாளை லீவு. வீடு ஒழுகுகிறதாம். "ஷீட்டு மாத்த ஆளு வர்றான் மேடம், நான் இல்லேன்னா பாதி வேலையில ஓடிப்பூடுவான்." அவள் வீடு எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய பொன்னி நகரில்.

வாங்க வேண்டியது: தேங்காய், சேகருக்கு பிரஷர் மாத்திரை, துணி க்ளிப்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஒரு முறை குளித்தேன். மறுபடியும் குளித்தேன். தலைமுடியில் ப்ளீச்சிங் பவுடர் நெடி போகவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

காலையில் மழை இல்லை. காற்றும் இல்லை. இலைகூட அசையவில்லை. நான் காபி டம்ளரோடு கணக்குப் பிரிவில் நின்றிருந்தேன். வெளியே யாரோ ஓடும் சத்தம். தண்ணீர் சுத்திகரிப்புக் கூடத்துக்குப் பின்னால், ஆற்றுப் பக்கம் நிற்கும் குளோரின் சிலிண்டரில் வால்வு விட்டுப்போயிருந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை. மேலே எழும்பவில்லை. தரையோடு தவழ்ந்து, சுவர் ஓரமாகப் போய், வடிகால் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களை முன்வாசலுக்கு அனுப்பினேன். தீயணைப்புக்குப் போன். போலீஸுக்குப் போன். டைரக்டர் காரில் வந்துகொண்டிருந்தார். "சின்னக் கசிவுன்னு மட்டும் சொல்லுங்க பத்மினி. குளோரின்னு சொன்னா டிவிக்காரன் வந்துருவான்." அதற்குள் நான் குளோரின் என்று சொல்லியாயிற்று.

போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் குரல். நிதானமானவள். "சுத்துவட்டாரத்துல இருக்கறவங்களுக்கு என்ன சொல்லணும்னு உங்க திட்டத்துல இருக்கு மேடம்?" எங்கள் அவசரகாலத் திட்டத்தைப் படித்துக் காட்டினேன். கதவு, ஜன்னல்களை மூடவும். இடுக்குகளை ஈரத் துணியால் அடைக்கவும். வீட்டுக்குள்ளேயே இருக்கவும். "சரி, அதையே சொல்லிடுங்க. ஜீப் வந்துட்டிருக்கு."

யார் போய்ச் சொல்வது? பொன்னி நகரில் எனக்குத் தெரிந்தவள் ஒருத்திதான்.

ஜெயாவைக் கூப்பிட்டேன். "இன்னா மேடம், கண்ணெல்லாம் எரியுது, இன்னா வுட்டீங்க?" என்றாள். சொன்னேன். எல்லாரையும் உள்ளே போகச் சொல், கதவைச் சாத்தச் சொல், ஈரத் துணி வைக்கச் சொல். "தோ சொல்லிக்கினே வர்றேன்." அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கத்துவது போனிலேயே கேட்டது. கட் பண்ண மறந்திருந்தாள். உள்ள போ, உள்ள போ, மேடம் உள்ள இருக்கச் சொல்றாங்கோ.

தீயணைப்பு வண்டி வந்தது. நிலைய அலுவலர் குமரவேல். முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அங்க ஜனங்க இருக்காங்களா?"

"இருக்காங்க சார். வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லிட்டோம்."

"உள்ளயா? ஷீட் வீடும்மா அது. சுவத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல கையை விடலாம். இந்த வாயு பள்ளத்துலதான் போய் உக்காரும். எல்லாரையும் வெளிய எடுங்க. மெயின் ரோடு மேட்டுக்கு. சீக்கிரம்."

மறுபடி ஜெயா. வெளியே வரச் சொல், மேட்டுக்குப் போகச் சொல். "இப்பதான உள்ள போவச் சொன்னீங்கோ?" பிறகு இருமல். பிறகு அவள் கத்துவது. அந்தக் குரலைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

மூன்று வரிசை வீடுகளில் மேல் வரிசை, நடு வரிசை ஆட்கள் வந்துவிட்டார்கள். கீழ் வரிசையில் பாதிப் பேர். ஜெயா அங்கே இறங்கும்போது கால் மடங்கி விழுந்திருக்கிறாள். ஒரு போலீஸ்காரர் அவளைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார். மிச்சப் பேரைத் தீயணைப்பு ஆட்கள் வெளியே எடுத்தார்கள். கடைசிக் கதவு உள்ளே தாழ். உடைத்தார்கள்.

முனுசாமி. ஜெயாவின் புருஷனுக்கு அண்ணன். ஆஸ்துமா. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது உயிர் இருந்தது.

வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்திருந்தார்கள், எல்லாத் துறைகளும் சேர்ந்து. "வால்வு அடைக்கப்பட்டது." "சுண்ணாம்புக் கரைசல் தெளிக்கப்படுகிறது." "எத்தனை பேர் பாதிப்பு? உடனே தெரிவிக்கவும்." நடுவில் யாரோ ஒரு ரோஜாப் படம். இனிய காலை வணக்கம். அதற்கு ஒருவர் கை கூப்பியிருந்தார்.

டிசம்பர் 10, புதன்

முனுசாமி விடிகாலை இறந்துவிட்டார். செய்தி குரூப்பில்தான் வந்தது. நான் "பார்த்தேன்" என்று பதில் போட்டேன். வேறு என்ன போடுவது?

வெயில். துணி எல்லாம் காய்ந்துவிட்டது. மடித்து வைத்தேன்.

ஆபீஸில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக அதே விவரம். மாசுக் கட்டுப்பாட்டுக்கு வாயுவின் அளவு. மாநகராட்சிக்கு வீடுகள். போலீஸுக்கு சிலிண்டர் எப்போது வந்தது, யார் பார்த்துக்கொள்வது. எல்லாருக்கும் ஒரே குரலில் பதில் சொன்னேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. எனக்கே கேட்டது.

வீட்டில் சேகர் ரசம் வைத்திருந்தார். "சாப்டறியா? முகத்தைப் பார்த்தா ஒண்ணுமே சாப்பிட்டாப்ல தெரியலயே." சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா, தெரியாது.

டிசம்பர் 11, வியாழன்

குமரவேல் வந்திருந்தார். சிலிண்டரை இடம் மாற்றுவதற்குக் கையெழுத்து வாங்க. வேலை முடிந்தும் போகவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"கதவை நான்தான் உடைச்சேன். கீழ் இடுக்குல ஈர வேட்டி திணிச்சு வெச்சிருந்தார். ஜன்னல்ல துண்டு. அந்த ஷீட்டு இடுக்குலகூட எட்டின வரைக்கும் பழைய துணி அடைச்சிருந்தார். ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சிருந்தார்ம்மா."

நான் மேஜை மேலிருந்த பஞ்சிங் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இருந்த காகிதப் பொட்டுகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

"நீங்க வந்து வெளியேன்னு சொல்லலேன்னா இன்னும் நிறைய பேர் சார்" என்றேன்.

"அதான்" என்றார். கிளம்பிவிட்டார்.

டிசம்பர் 13, சனி

பொன்னி நகர் போனேன். சேகர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். எங்கள் கேட்டைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோடு வழியாகத்தான் போக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு பள்ளம் என்று இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. படி வைத்த மாதிரி மூன்று வரிசை. கடைசி வரிசைக்கு இறங்கினால் ஆறு கைக்கெட்டும் தூரம். துளசி, கறிவேப்பிலை, எல்லாம் வெளுத்துப்போய் நின்றன.

முனுசாமியின் மனைவி தனம். தி.நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அன்றைக்கு அங்கேதான் இருந்தாளாம். நான் யார் என்று சொன்னேன். பாய் போட்டாள்.

"போன் பண்ணன் மேடம். ஊரெல்லாம் கேஸ் வுட்டுக்கினு கீதாம், நீ இன்னா பண்றேன்னேன். 'மேடம் உள்ள இருக்கச் சொல்லிச்சாம், ஜெயா சொல்ட்டுப் போச்சி, நான் துணியெல்லாம் வெச்சிட்டன், நீ வேலைய முட்ச்சிட்டு வா'ன்னாரு. அப்பால அடிச்சா எடுக்கல."

பாயின் நுனியை மடித்துக்கொண்டிருந்தேன். அது நான் சொன்ன செய்திதான் என்று சொல்லத்தான் போயிருந்தேன்.

"இப்ப இன்னா பேசிக்கிறானுங்கோ தெரியுமா? குட்ச்சிட்டு பட்த்துக்கினு இருந்தாராம். கூப்ட்டும் வரலியாம். இந்தாளு குடிய வுட்டு எத்தினி வருசம் ஆவுது! இழுப்பு வந்தப்பவே வுட்டாரு. டீக்கடையிலயும் அதான் பேச்சு, தண்ணி லாரியாண்டயும் அதான் பேச்சு. பையன் ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்றான்."

ஜெயா வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குரல் முழுக்கப் போய்விட்டது. காற்று மட்டும் வருகிறது. கிளம்பும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"நான்தான மேடம் மாமாவ உள்ள இருன்னு சொன்னது" என்றாள். "வெளியதான் உக்காந்திருந்தாரு. பீடி கட்டுற பலகையில. நான்தான் கைய புட்ச்சி உள்ள வுட்டேன்."

"நான் சொல்லித்தானே நீ சொன்னே."

"அது எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது."

மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினேன். குளக்கரையில் கூட்டம். காய்கறிக்காரர் என் கையில் கொத்தவரங்காய் கொடுத்தார். வாங்கினது நினைவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஸ்பீக்கர். எதிர்வீட்டில் பெரிய கோலம். என் வாசலில் நான்கு புள்ளி.

நாளை மறுநாள் எங்கள் கருத்தரங்கக் கூடத்தில் எல்லாத் துறைகளுடனும் கூட்டு ஆய்வு. எங்கள் தரப்பு அறிக்கையை டைரக்டர் எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறார். "நீங்க பார்த்து சரின்னா போதும். நேரடியா பேசினது நீங்கதானே."

நன்றாக எழுதப்பட்ட அறிக்கை. துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு மிகச் சிறப்பாக இருந்தது. தகவல் தொடர்பு உடனுக்குடன். தொடர்பு அலுவலரின் பணி பாராட்டத்தக்கது. கீழே: வெளியேறுமாறு விடுத்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல், போதையில் வீட்டுக்குள் இருந்ததாகத் தெரியவரும் ஒருவர் உயிரிழந்தார்.

உள்ளே இருக்கச் சொன்ன முதல் செய்தி எங்குமே இல்லை.

டைரக்டர் அறைக்குப் போனேன். போதை என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "அங்க எல்லாரும் சொல்றாங்களே பத்மினி." மருத்துவமனை சொன்னதா? "அதெல்லாம் வர நாள் ஆகும்." முதல் செய்தி? அவர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான். என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் விசாரித்தவர். "அதைப் போட்டா உங்களுக்குத்தான் சிக்கல். நான் உங்களைக் காப்பாத்தத்தான் பார்க்கிறேன். திட்டத்துல என்ன இருந்துதோ அதைத்தான் நீங்க சொன்னீங்க. திட்டம் தப்புன்னு ஆரம்பிச்சா எங்கே போய் நிக்கும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. பஸ்ஸில் தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி, மந்தைவெளியில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

டிசம்பர் 17, புதன்

சேகரிடம் சொன்னேன். அவர் சபாவுக்குக் கிளம்பி, ஜரிகை அங்கவஸ்திரம் தேடிக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்கு நடுவுல தலையைக் குடுக்கறே? அவரே உனக்கு வேண்டாம்ங்கறார். ரிட்டயராக இன்னும் கொஞ்ச வருஷம்தான்."

"அந்த ஆள் குடிக்கல. நான் சொன்னதைக் கேட்டார். கேட்டதாலதான் போனார்."

சேகர் அங்கவஸ்திரத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். கச்சேரிக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப சொல்லிடு. இப்படியே நடமாடிண்டிருந்தா ஆத்துல யாரோ வேத்து மனுஷா இருக்காப்ல இருக்கு" என்றார்.

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

கூடம் நிறைந்திருந்தது. மேஜைக்கு மேஜை தண்ணீர் பாட்டில், முந்திரி, சமோசா. ஏ.சி. குளிர். போலீஸிலிருந்து உதவி ஆணையர். மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாடு, வருவாய்த் துறை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த நிதானமான குரல்காரியும் வந்திருந்தாள். சின்னப் பெண். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். குமரவேல் கடைசி வரிசையில் கதவோரம்.

டைரக்டர் அறிக்கையைப் படித்தார். எனக்காகக் கைதட்டினார்கள். பிறகு அந்த வரி. அதையும் அதே வேகத்தில் படித்துவிட்டுப் போனார்.

நான் எழுந்தேன். வேறு யாரோ எழுந்து நிற்பதை நான் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான் இருந்தது.

"அந்த வரி சரியில்லை சார். அவர் அறிவிப்பை மீறலை. முதல்ல உள்ளே இருங்கன்னு சொன்னோம். நான்தான் போன்ல சொன்னேன். கதவைச் சாத்தி, இடுக்குல ஈரத் துணி வைக்கச் சொன்னேன். அவர் அதை அப்படியே செஞ்சார். வெளியே வரச் சொன்ன இரண்டாவது செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. சொல்லப் போனவளும் விழுந்துட்டா."

மாநகராட்சி அதிகாரி சமோசாவைக் கீழே வைத்தார்.

"உணர்ச்சிவசப்பட வேண்டாம் மேடம்" என்று டைரக்டர் ஆரம்பித்தார். நான் உணர்ச்சியே இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது குமரவேல் எழுந்தார். கதவை உடைத்தது, வேட்டி, துண்டு, ஷீட்டு இடுக்கில் துணி. எல்லாவற்றையும் சொன்னார். "குடிச்சு விழுந்து கெடந்த ஆள் இப்படிச் செய்ய மாட்டான் சார்."

அந்தச் சின்னப் பெண்ணும் கை தூக்கினாள். "மேடம் என்கிட்ட திட்டத்தைப் படிச்சுக் காட்டினாங்க. அதையே சொல்லுங்கன்னு சொன்னது நான். அழைப்புப் பதிவுல இருக்கும்." சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

உதவி ஆணையர் கேட்டார்: "அந்தத் திட்டத்தை யார் தயார் பண்ணினது? பின்னாடி இருக்கற வீடுகளை நேர்ல போய்ப் பார்த்தாங்களா?"

தயாரித்தது வெளிக் கம்பெனி. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு எழுதியதை அப்படியே எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் பார்த்ததில்லை. அதையும் சொன்னேன்.

வரியை எடுத்துவிட்டார்கள். பதிலாக: முதலில் அளிக்கப்பட்ட தவறான அறிவுரையை முழுமையாகப் பின்பற்றிய திரு. முனுசாமி உயிரிழந்தார். 'தவறான' என்ற சொல்லுக்கு நீண்ட விவாதம். இருக்கட்டும் என்று உதவி ஆணையர் சொல்லிவிட்டார்.

டைரக்டர் என்னோடு லிஃப்டில் வரவில்லை. படியில் இறங்கினார்.

டிசம்பர் 22, திங்கள்

தொடர்பு அலுவலர் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தேன். வேறு யாரும் ஏற்க மாட்டேன் என்கிறார்களாம். நானே.

மருத்துவமனை அறிக்கையும் வந்துவிட்டது. மது இல்லை.

ஜெயா வேலைக்கு வந்தாள். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று, அறிக்கையில் மாற்றிய அந்த வரியைச் சொன்னேன். மருத்துவமனை சொன்னதையும். திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். குழாயை மூடினாள்.

"தனம் அக்காவாண்ட சொல்லவா?"

"நானே வந்து சொல்லட்டுமா?"

"வேணா. நான் சொல்றன்."

சாயங்காலம் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் எனக்குப் போன். ஜெயாதான். பேசவில்லை. குடங்களின் சத்தம், பெண்களின் சண்டை. அதற்கு மேல், உடைந்துபோன அவள் குரல்: "எல்லாரும் கேட்டுக்கோ. எங்க மாமா குடிக்கல. டாக்டரே எய்தி குட்த்துட்டாரு. சொன்ன பேச்சக் கேட்டு உள்ள இருந்தாரு, அதான் பூட்டாரு. இனிமே எவனாவது குட்ச்சாருன்னு சொன்னீங்கோ..." அதற்கு மேல் குரல் வரவில்லை. இருமினாள். யாரோ ஒரு அம்மாள், "தண்ணி குடு அதுக்கு" என்றாள்.

நான் ஸ்டோர் ரூமில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மேலே போய் டிசம்பர் மாத வருகைப் பதிவைச் சரிபார்த்தேன்.

ஜனவரி 21, புதன்

நல்ல வெயில், கடற்காற்று. பொன்னி நகரில் கூட்டு ஒத்திகை. சிலிண்டரை எங்கள் வளாகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒத்திகை நடந்தே தீர வேண்டும் என்று குமரவேல் பிடிவாதம். புதுத் திட்டத்தை அவரும் நானும் வரிசை வரிசையாக நடந்து பார்த்து எழுதினோம். சைரன் மேல் வரிசை கம்பத்தில்.

சைரன் ஊதியது. நாய்கள் ஓடின. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடின. ஒரு தாத்தா நாற்காலியோடு கிளம்பினார். நாற்காலி வேண்டாம் என்றதற்கு, "மேட்டுல எத்தினி நேரம் நிக்கறது நைனா?" என்றார். போலீஸ்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். ஆட்டோக்காரர் ஒருவர் சவாரி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தார்.

ஜெயா மேல் வரிசையை எடுத்துக்கொண்டாள். மாநகராட்சி ஆள் நடு வரிசை. கீழ் வரிசைக்கு யார் என்று குமரவேல் கேட்டபோது நான் கை தூக்கியிருந்தேன்.

இறங்கினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசி வீடு. புதுக் கதவு, இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. தட்டினேன். தனம் திறந்தாள். இன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள் போல. பின்னால் பையன், பள்ளிக்கூட யூனிஃபார்மில்.

என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை முகத்தில். நிஜமாகவே கேட்டாள்.

"இன்னா மேடம், உள்ள இருக்கணுமா, வெளிய வரணுமா?"

கண்ணில் நீர் நிறைந்து அவள் முகமே தெரியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் காத்திருந்தாள்.

"வெளிய வாங்க" என்றேன். "வெளிய வாங்க தனம். ரெண்டு பேரும் வெளிய வந்துடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.